பாயிண்டர் நாய்க்கு ரிமோட் காலர்: எதைப் பார்த்து வாங்குவது?

புல்வெளிநடை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் இருக்கிறான். ஆண், 14 மாதம், 28 கிலோ. பெயர் சூரன். மோப்பத்தில் குறையே சொல்ல முடியாது. பறவை வாடை கிடைத்துவிட்டால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பான், நான் நடந்து போய்ச் சேரும்வரை வால்கூட ஆடாது. வீட்டு வளாகத்திலும் நீளக் கயிற்றிலும் "வா" என்றால் வருவான், "நில்" என்றால் நிற்பான்.

பிரச்சினை முயல்தான். புதருக்குள்ளிருந்து முயல் ஒன்று கிளம்பிவிட்டால் விசிலும் கேட்காது, என் குரலும் கேட்காது. சமீபத்தில் மான் ஒன்றின் பின்னாலும் ஓடிவிட்டான். அந்தப் பக்கம் பெரிய சாலை இருப்பது தெரியும் என்பதால், திரும்பி வரும்வரை எனக்கு உயிர் கையில் இல்லை.

அதனால் எலக்ட்ரானிக் காலர் (ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின் தூண்டல் கொடுக்கும் பட்டை) பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஸ்போர்ட்டாக் 425எக்ஸில் 21 லெவல், 500 கெஜ ரேஞ்ச் என்கிறார்கள். எஜுகேட்டரில் 100 லெவல். டாக்ட்ராவில் 127. கார்மின் ஆல்ஃபாவில் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே வருகிறது. லெவல் அதிகம் என்றால் ஷாக்கும் அதிகமா? ஒரு மைல் ரேஞ்ச் தேவைப்படுமா? வைப்ரேஷன் மட்டும் போதுமா? சூரனுக்கு வலி கொடுக்க எனக்கு மனம் இல்லை, அவனைச் சாலையில் இழக்கவும் மனம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரமூக்கு:

கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, ரேஞ்ச் அதிகமாக உள்ளதையே வாங்கிவிடுங்கள், ஜிபிஎஸ்ஸோடு. நாய் எங்கே போனாலும் உங்கள் கைக்குள் இருக்கும். சின்ன ரேஞ்ச் வாங்கிவிட்டு அப்புறம் மாற்றுவது இரட்டைச் செலவு.

கௌதாரிக்காடு:

தம்பி, ஜிபிஎஸ் பற்றி ஈரமூக்கு சொன்னது சரி. ரேஞ்ச் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பல வருடமாகப் பாயிண்டர், செட்டர் நாய்களோடுதான் என் பொழுது போகிறது. ரேஞ்சைப் பார்த்துக் காலர் வாங்குவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஏன் என்று சொல்கிறேன். பட்டனை அழுத்தும் நொடியில் நாய் என்ன செய்கிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துபோன சூரன் முயலைத் துரத்துகிறானா, துரத்திவிட்டுத் திரும்பி வருகிறானா, பறவையைக் கண்டு பாயிண்ட் பிடித்து நிற்கிறானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பாயிண்டில் நிற்கும் நாய்க்கு அந்த நேரம் ஷாக் விழுந்தால் பறவை வாடையையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் பறவை இருப்பது தெரிந்தும் தெரியாதது மாதிரி விலகிப் போகும். முயல் துரத்தும் பழக்கத்தைக்கூட மாற்றிவிடலாம். பறவையைக் கண்டு ஒதுங்கும் நாயைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு, சில நாய்கள் திரும்புவதே இல்லை.

திரும்பி வந்துகொண்டிருக்கும் நாய்க்கு ஷாக் விழுவதும் அதே மாதிரிதான். உங்களிடம் வந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

இது நானாகச் சொல்லும் விஷயம் இல்லை. ஜெர்மனியில் ஹானோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 14 பீகிள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரைப் பொம்மையை வாயால் தொடும் அதே கணத்தில் ஷாக். இரண்டாவது குழுவுக்குக் கூப்பிட்டு வராதபோது. மூன்றாவதற்குக் காரணமே புரியாதபடி எப்போது வேண்டுமானாலும். எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து பார்த்ததில் மூன்றாவது குழுவுக்குத்தான் மன அழுத்தம் மிக அதிகம். முதல் குழுவுக்குச் சொல்லும்படி ஏறவில்லை. ஆக, எதற்கு விழுந்தது, எப்படிச் செய்தால் விழாது என்று நாய்க்குப் புரிகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காணாத நாய்க்கு அழுத்தினால் நீங்கள் அந்த மூன்றாவது குழுவைத்தான் உருவாக்குகிறீர்கள்.

அதனால், உங்கள் கண் எட்டும் தூரத்துக்குக் காலர் எட்டினால் போதும். பாயிண்டர் திறந்த வெளியில் 200, 300 மீட்டர் விரிந்து தேடும். ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் ரேஞ்ச், நடுவே எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளிக்கானது. அடர்ந்த மரம், மேடு பள்ளம், ஈரமான செடிகொடி எல்லாம் சிக்னலைத் தின்றுவிடும். காட்டுக்குள் பாதி கிடைத்தாலே அதிகம். ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் கூடும், இடுப்பில் மாட்டிக்கொண்டு அழுத்தினால் உங்கள் உடம்பே மறைக்கும். இதையெல்லாம் சேர்த்தால் அரை மைல் முதல் ஒரு மைல் வரை போட்டிருக்கும் காலர் சூரனுக்குத் தாராளம்.

இப்போது முதலில் பார்க்க வேண்டியதற்கு வருகிறேன். கீழ் லெவல்கள்.

127 லெவல் என்றால் 21 லெவலைவிட ஆறு மடங்கு ஷாக் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏணி கிட்டத்தட்ட அதே உயரம்தான், எத்தனை படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வேறு. படி நெருக்கமாக இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது நாய் திடுக்கிடாது. அது கீழேதான் முக்கியம். நீங்கள் வேலை செய்யப் போவது கீழ்ப் பகுதியில்தான். ஒன்றாம் லெவலில் ஒன்றுமே உணரவில்லை, இரண்டாம் லெவலில் கத்துகிறான் என்றால் அந்தக் காலர் உங்கள் நாய்க்கு ஆகாது, யார் தயாரித்ததாக இருந்தாலும். முந்தைய காலத்துக் காலர்களில் லெவலை மாற்ற வேண்டுமானால் நாயைக் கூப்பிட்டு அதன் கழுத்தில் இருக்கும் பிளக்கைக் கழற்றி வேறொன்றைச் செருக வேண்டும். களத்தில் அதற்கு யாருக்குப் பொறுமை? பெரிதாக ஒன்றைச் செருகிவிட்டு விட்டுவிடுவார்கள். இந்தக் கருவிக்குக் கெட்ட பெயர் வந்ததில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சூரனின் லெவலைக் கண்டுபிடிப்பது இப்படி. அவன் அமைதியாக, கயிற்றில், வேறெதையும் கவனிக்காமல் நிற்கும்போது பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் காது லேசாகத் துடிக்கும். அல்லது ஈ உட்கார்ந்த மாதிரி தலையைச் சிலுப்புவான், கண்ணைச் சிமிட்டுவான், தரையைத் திரும்பிப் பார்ப்பான். அதுதான் அவன் லெவல், அதற்கு மேல் போக வேண்டாம். கத்தினாலோ, வாலை இடுக்கினாலோ, கழுத்து வெட்டி இழுத்தாலோ தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலில் உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நாய்க்குக் கொடுக்கப் போவது என்ன என்று கொடுப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

அதே நாய் முயல் பின்னால் பாயும்போது அந்த லெவலை உணராது. வெறி ஏறினால் தோலின் கவனம் போய்விடும். அங்கே சில படி கூட்ட வேண்டிவரும், ஆகவே ஓடும் நாயைப் பார்த்துக்கொண்டே, ரிமோட்டைக் குனிந்து பார்க்காமல், ஏற்றவும் இறக்கவும் விரலுக்கு வர வேண்டும். இதுதான் நான் இரண்டாவதாகப் பார்ப்பது. திருகு டயல் உள்ளது எனக்குப் பிடிக்கும், ஆனால் தானாகச் சுழலாதபடி இறுக்கமாக இருக்கணும். சட்டைப் பையில் உரசி டயல் 15லிருந்து 60க்குப் போனது தெரியாமல் அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டயலைப் பூட்டும் வசதி இருந்தால் விடாதீர்கள். பட்டன்கள் ஒன்றோடொன்று குழம்பாமல், ஒன்று குழிவாக ஒன்று மேடாக இருந்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு அழுத்திப் பாருங்கள். "பீப்" பட்டனைத் தேடிப் போய் ஷாக் பட்டனைத் தொட்டால் அந்த ரிமோட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, முனைகள். கழுத்தில் படும் அந்த இரண்டு உலோகக் கம்பிகள். சூரனுக்கு முடி குட்டை, குட்டை முனையே போதும். செட்டர், ஸ்பேனியல் மாதிரி முடி அடர்ந்த நாய்க்கு நீள முனை வேண்டும், கழற்றி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். பட்டையைக் காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேற்பகுதியில் கட்டணும். தொளதொளவென்று கீழே தொங்கினால் முனை ஒரு நேரம் படும், ஒரு நேரம் படாது. படாதபோது நாய் கேட்கவில்லை என்று லெவலைக் கூட்டுவீர்கள், அடுத்த நொடி முனை முழுசாகத் தோலில் படும். தொளதொளப்பான பட்டை இறுக்கமான பட்டையைவிடக் கொடுமை என்று நான் சொல்வது இதனால்தான். பட்டைக்குள் ஒரு விரல் சிரமப்பட்டு நுழைய வேண்டும். கட்டிய பிறகு பட்டையில் இருக்கும் கருவிப் பெட்டியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், தோலும் கூடவே நகர வேண்டும். நாய் கொஞ்சம் ஓடி உடம்பு தளர்ந்த பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள், பெரும்பாலும் ஒரு துளை இறுக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்க மாட்டியே வைத்தால் முனை அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் புண்ணாகும். கரண்ட் சுட்டுவிட்டது என்று பலர் நினைக்கும் காயம் பெரும்பாலும் இந்த அழுத்தப் புண்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கழுத்தின் மறுபக்கம் நகர்த்துங்கள். காலரில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது, கயிற்றுக்குத் தனிப் பட்டை.

வைப்ரேஷன் பற்றிக் கேட்டீர்கள். அது மென்மையான ஷாக் என்று நினைக்காதீர்கள். கீழ் லெவல் தூண்டலுக்குக் காதைக்கூட அசைக்காத நாய் வைப்ரேஷனுக்கு எகிறிக் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது நாய்க்கு நாய் மாறும். காது கேட்காத வயதான நாயைக் கூப்பிட அருமையான வசதி. முயல் துரத்தலை நிறுத்த அதை மட்டும் நம்ப முடியாது. பீப் ஒலி இருந்தால் நல்லது. "வா" என்பதோடு சேர்த்துப் பழக்கினால் விசிலுக்குப் பதிலாகப் பயன்படும், காற்று எதிர்த்திசையில் அடித்தாலும் நாய்க்குக் கேட்கும்.

ஜிபிஎஸ் இருக்கட்டும். அதன் வேலை தேடிக் கண்டுபிடிப்பது. 2012ல் வந்த கார்மின் ஆல்ஃபாதான் ஜிபிஎஸ்ஸையும் பயிற்சி ரிமோட்டையும் ஒரே கைக்கருவியில் சேர்த்துப் பிரபலமாக்கியது. 9 மைல் வரை, 20 நாய்கள் வரை, 2.5 நொடிக்கு ஒருமுறை இடம் காட்டும். மான் பின்னால் போன நாய் எந்தப் பக்கம் போனது, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் நீங்கள் முன்னால் போய் நிற்கலாம். உங்கள் கவலைக்கு அது பெரிய உதவி. ஆனால் திரையில் புள்ளி நகர்வதைப் பார்த்து ஷாக் பட்டனை அழுத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் இருக்கும் நாட்டில் இதைப் பயன்படுத்தலாமா என்று சட்டத்தைப் பாருங்கள். வேல்ஸில் 2010 முதல் தடை. ஜெர்மனியில் 2006ல் உச்சநிலை நிர்வாக நீதிமன்றம் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரியாவிலும் தடை உண்டு. ரேடியோ அலைவரிசையும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவுக்கான ஆல்ஃபா 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள, அங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய மர்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது, வேறு நாட்டில் அதே அலைவரிசை வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து தருகிறேன் என்றால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கயிறும்விசிலும்:

கௌதாரிக்காடு அண்ணா பொறுமையாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு படி பின்னால் போய்க் கேட்கிறேன். இந்த நாய்க்குக் காலர் வேண்டுமா?

14 மாதம் என்பது வேட்டை நாய்க்கு இளம் வயது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராத, துரத்திக்கொண்டு ஓடுகிற 63 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். காலர் தயாரிப்பாளர்களே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள் ஒரு குழுவுக்குக் காலரோடு பயிற்சி கொடுத்தார்கள். மற்ற குழுக்களுக்குக் காலர் தூண்டல் இல்லை. முடிவில் காலர் குழு மற்றவர்களைவிட மேலாக வரவில்லை. காலர் போட்ட நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. அனுபவம் உள்ள பயிற்சியாளர் கையிலேயே இப்படி என்றால், முதன்முதலாக ரிமோட்டைப் பிடிப்பவர் கையில்?

15 மீட்டர் கயிறு, பந்து, விசில், இதோடு ஒரு முழுப் பருவம் கொடுத்துப் பாருங்கள். முயல் கிளம்பும்போது அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே பந்தை எதிர்ப்பக்கம் எறியுங்கள். துரத்தும் ஆசையை அடக்காமல் உங்கள் பக்கம் திருப்புங்கள். பாயிண்டருக்கு "நில்" என்பது ரத்தத்திலேயே இருக்கிறது, அதை முயலுக்கும் நீட்டினால் போதும்.

கௌதாரிக்காடு:

நீங்கள் சொல்லும் ஆய்வு எனக்கும் தெரியும், அதை மதிக்கிறேன். வீட்டு நாயோடு பூங்காவில் நடப்பவர் யாராவது என்னிடம் காலர் கேட்டால் உங்கள் பதிலைத்தான் நானும் சொல்வேன். கயிறும் பந்தும் தெரியாமல் நேராகக் காலருக்கு வருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் சூரன் கயிற்றில் வருகிறான், நிற்கிறான். அவனுக்குக் கட்டளை தெரியும். கயிறு முடியும் இடத்தில்தான் அவன் தனி ஆளாகிறான். வேட்டை நாயின் வேலையே கயிறு இல்லாமல் 200 மீட்டரில் நடப்பது. அந்த இடைவெளியை எதை வைத்து மூடுவது என்பதுதான் கேள்வி. சாலை ஒன்று பக்கத்தில் இருக்கும்போது ஒரு முழுப் பருவம் காத்திருக்கும் துணிச்சல் எனக்கு வராது. அந்தப் பருவம் முழுக்கக் கயிறு கழற்ற மாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தால் உங்கள் வழி நல்ல வழி, முழுமனதோடு சொல்கிறேன். பந்து எறிவதை அவர் எப்படியும் செய்ய வேண்டும், காலர் வந்தாலும் வராவிட்டாலும்.

நாணல்கரை:

என் வேலை லாப்ரடாரோடு, பாதி நேரம் தண்ணீரில். அதனால் ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், தண்ணீர்.

"வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. நாணலுக்குள் பாய்ந்து மூழ்கி எழும் நாய்க்கு அதைவிட ஆழம் தாங்குவதாகப் போட்டிருப்பதை வாங்குவேன். கழுத்தில் இருப்பது மட்டும் தாங்கினால் போதாது. நாய் உங்கள் மேல் சிலுப்பும், மழை பெய்யும், ஓடையைக் கடக்கும்போது ரிமோட் விழும். சில மாடல்களில் காலர் மூழ்கலாம், ரிமோட்டுக்குத் தெறிப்பு மட்டும்தான் தாங்கும். விழுந்தால் மிதக்கிற ரிமோட்டும் இருக்கிறது, தண்ணீர் ஓரம் வேலை செய்பவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.

சார்ஜ் போடும் துளையைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன். ரப்பர் மூடி என்றால் அது எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, ஒரு பக்கம் கிழிந்து தொங்குமா என்று. தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த மூடி வழியாகத்தான். வெளியே உலோகப் புள்ளிகள் வைத்து கிளிப்பில் சார்ஜ் ஆகும் வகைக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் புள்ளிகளில் சேறும் பச்சையும் பிடித்தால் சார்ஜ் ஏறாது, அவ்வப்போது துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கினால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். முனைகளைக் கழற்றி உள்ளே மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். முனை தளர்ந்து எங்கேயோ விழுந்துபோன காலரோடு ஓடும் நாய்கள் நிறைய. பெட்டியோடு வரும் சின்ன சோதனை விளக்கைத் தூக்கிப் போடாதீர்கள். கிளம்பும் முன் முனைகளில் அதை வைத்து அழுத்திப் பார்த்தால் காலர் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஈர முடியில் அதே லெவல் வேறு மாதிரி உணரப்படும். தண்ணீரிலிருந்து வந்த நாய்க்கு லெவலைக் குறைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவேன்.

புல்வெளிநடை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சட்டம் விசாரித்துவிட்டேன், இங்கே தடை இல்லை. ரேஞ்ச் பற்றி நான் நினைத்திருந்தது தலைகீழாக மாறிவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு வகை ரிமோட்டும் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் பீப்பும் ஷாக்கும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு. அதை உடனே வேண்டாம் என்று முடிவு செய்தேன். டயல் உள்ளதுதான் எனக்கும் சரிப்படுகிறது. கயிறும்விசிலும் சொன்ன பந்து விஷயத்தை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன், ஒரு புறாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்!

கௌதாரிக்காடு அண்ணா, கடைசியாக ஒன்று. காலர் கைக்கு வந்ததும் முதல் சில வாரம் என்ன செய்வது? பாயிண்டில் நிற்கும்போது பீப் அடிக்கும் பீப்பர் காலரும் சேர்த்துப் போடலாமா?

கௌதாரிக்காடு:

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள், தம்பி. காலரை அணைத்த நிலையிலேயே சில வாரம் தினமும் மாட்டுங்கள். மாட்டியதும் அவனுக்குப் பிடித்த வேலை நடக்க வேண்டும், வெளியே போவது, பந்து, பறவை. காலர் வந்தது, அன்றே வலித்தது என்று ஆனால் காலர் இருக்கும்போது நல்ல பிள்ளை, இல்லாதபோது பழைய சூரன் என்று கணக்குப் போட்டுக்கொள்வான். இந்த இனத்துக்கு அந்த அறிவு தாராளமாக உண்டு.

அப்புறம் கயிற்றோடு. "வா" என்று சொல்லி, கயிற்றை லேசாக இழுத்து, கூடவே அவன் லெவலில் ஒரு தொடுதல். உங்கள் பக்கம் திரும்பிய கணம் விரலை எடுத்துவிடுங்கள். திரும்பினால் நிற்கிறது, அதை நிறுத்துவது தன் கையில்தான் இருக்கிறது என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். அது புரிந்துவிட்ட நாயின் முகம் வேறு மாதிரி இருக்கும், பயம் தெரியாது, திரும்பும் வேகம் கூடும். தெரியாத கட்டளையை இதை வைத்துக் கற்றுக்கொடுக்காதீர்கள். தெரிந்த கட்டளைக்கு மட்டும். நீங்கள் கோபமாக இருக்கும் நாளில் ரிமோட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ரிமோட்டில் இரண்டு வகை இருக்கும். ஒரு நொடிக்கும் குறைவாகத் தட்டுவது, அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் தொடர்வது. கயிற்றோடு பழக்கும் வாரங்களில் தொடர்வதை மிகக் கீழ் லெவலில் பயன்படுத்துங்கள், அதில்தான் "நிறுத்துவது எப்படி" என்று புரியும். களத்தில் நினைவூட்டலுக்குத் தட்டுவது போதும்.

கயிற்றை எடுத்ததும் நேராக முயலுக்குப் போகாதீர்கள். முயல் இல்லாத இடத்தில் கயிறு இல்லாமல் வருகிறானா, பிறகு தூரத்தில் புறா, பிறகு முயல் நடமாடும் இடத்தில் கயிற்றோடு, கடைசியில்தான் கயிறில்லாமல். துரத்தத் தொடங்கும் முதல் சில அடியிலேயே "வா" சொல்லிவிட வேண்டும். முழு வேகம் பிடித்த பிறகு சொன்னால் லெவலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அவன் காதும் தலையும் முன்னால் குவியும் அந்தக் கணத்தைப் பார்க்கப் பழகுங்கள், முயல் உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பறவை அருகில் இருக்கும் நாள்களில் ரிமோட்டைத் தொடவே வேண்டாம், குறைந்தது இந்த வருடம் முழுக்க. பாயிண்டில் பதற்றப்பட்டு முன்னால் பாய்ந்தாலும் சரி, கயிற்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீப்பர் பற்றி. இப்போதைக்கு வேண்டாம். ஒரே கழுத்திலிருந்து இரண்டு பீப் வந்தால், ஒன்று "வா", இன்னொன்று பாயிண்ட் என்று அவன் குழம்புவான். ஒரு சின்ன மணி கட்டுங்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தால் தேடுகிறான். நின்றுவிட்டால் பாயிண்ட், அங்கே நடந்து போங்கள். காலரின் பட்டையில் மணியைக் கோக்காமல் கயிறு மாட்டும் தனிப் பட்டையில் கட்டுங்கள், முனைகள் ஆடக் கூடாது.